பேணியும் பெயர்ப்பட்டியலும்: ஒரு தோட்டச் சபையின் நன்றிக் காணிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மூன்று டிவிசன்களை (தோட்டப் பிரிவுகளை) சேர்ந்த ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள் கூடி வழிபடும் சிறிய சபையொன்றில், 2021 முதல் 2024 வரையான காலத்தில் நன்றிக் காணிக்கை செலுத்தும் முறை மாறிய விதத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தக் காலம் முழுவதும் நான் அச்சபையின் செயலாளராக இருந்தேன். கூட்டக் குறிப்பேடும் காணிக்கைப் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தன. இங்கே குறையாகச் சொல்லப்படும் பட்டியல்களை எழுதியதும் சபை முன்னிலையில் வாசித்ததும் நானே. சபையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்கு (ஒரு குடும்பத்தின் அறைக்கு) தெரிந்தது எல்லாக் காம்பராவுக்கும் தெரிந்துவிடும் என்பதால், குடும்பங்களை இனங்காட்டக்கூடிய விபரங்களையும் விட்டிருக்கிறேன்.

ஆய்வின் கேள்வி ஒன்றுதான். சபையின் உதவியைப் பெற்ற சில குடும்பங்கள், உதவி கிடைத்த பின்னரே ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியது ஏன்? உதவி போதாமல் நின்றவர்கள் என்றால் காரணத்தை ஊகிக்கலாம். இவர்களோ அரிசியும் பருப்பும் வீடு வந்து சேர்ந்த பிறகு நின்றவர்கள்.

பின்னணி

மலையகத்தின் பழைய தமிழ்ச் சபைகள் பலவற்றின் வேர், தேயிலைக்கு முன் இங்கே கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில் இருக்கிறது. 1854 இல் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியோடும் சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையோடும் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமாரை இங்கே வரவழைத்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியெங்கும் உறவினரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்த மக்களிடம் அவர்கள் ஊழியம் செய்தார்கள். சோறாக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைக்கும் வழக்கமும், அறுப்பின் பண்டிகையும், சபையார் ஒன்றாக உண்ணும் அசனமும் திருநெல்வேலிச் சபைகளில் நெடுங்காலமாக உள்ளவை. அவை அந்த உபதேசிமாரோடு மலையேறி வந்தவை என்றே எங்கள் பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகை எங்கள் மக்களுக்கு எளிதான பண்டிகை அல்ல. நெல் விளையும் ஊரில் விதைத்தவன் தன் கதிரைக் கொண்டுவருகிறான். தேயிலைத் தோட்டத்தில் பறிப்பவருக்குக் கொழுந்து சொந்தமில்லை. அது கூடையிலிருந்து சாக்குக்கும், சாக்கிலிருந்து தராசுக்கும், அங்கிருந்து ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) போய்விடும். ஆகவே பீடத்தின் முன் வைக்கப்படுவது லயத்துக்குப் பின்னால் கிடைத்த கையளவு நிலத்தில் விளைந்த லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, அடைகாத்த கோழி, கறந்த பால் ஆகியவையே. முன்பொரு வருடம் ஒரு சிறுமி ஓலைப்பெட்டி நிறையக் கொழுந்து கொண்டுவந்தபோது, தோட்டத்தின் பொருளைக் காணிக்கையாக வைக்கலாமா என்று மூப்பர்கள் தயங்கினார்கள். அன்று வந்திருந்த குருவானவர் அதை வாங்கிப் பீடத்தின் நடுவில் வைத்தார். அந்தப் பெட்டியை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்தப் பிள்ளையின் தாயினுடைய உழைப்பு முழுவதும் அதில் இருந்தது.

பண்டிகையில் வழமையாக வாசிக்கப்படும் பகுதி உபாகமம் 26ஆம் அதிகாரம். அலைந்து திரிந்த மூதாதை, அந்நிய நாட்டில் குடியேறியது, அங்கே கடின வேலையால் ஒடுக்கப்பட்டது, பின்னர் கூடையில் முதற்பலனோடு ஆலயத்தில் வந்து நிற்பது என்று அந்த அறிக்கை செல்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வாசிக்கும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை. ஆனால் எங்கள் ஆலயத்தில் வாசிப்பு எப்போதும் பத்தாம் வசனத்தோடு, அதாவது கூடை வைக்கப்படும் இடத்தோடு நின்றுவிடும். லேவியனும் பரதேசியும் அந்த நன்மையில் கூடி மகிழ வேண்டும் என்பதும், திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியாக வேண்டும் என்பதும் அடுத்த வசனங்களில் வருகின்றன. கூடை வைத்தவுடன் நாங்கள் ஏலத்துக்குப் போய்விடுவோம்.

ஏலத்தைக் குறைசொல்வது எனக்கு எளிதல்ல. அதில் மகிழ்ச்சி உண்டு. ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார், அது மீண்டும் ஏலம் போகும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆலயத்தின் கூரைத் தகரங்கள் மாற்றப்பட்டது ஏலப் பணத்தில்தான். ஆனாலும் விலை கேட்டு எழுந்து நின்றவர்கள் தோட்ட உத்தியோகத்தர்களும், கடை வைத்திருப்பவர்களும், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுமே. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் முடிந்ததும், காணிக்கை உறைகளில் இருந்த தொகையையும் கொடுத்தவர் பெயரையும் செயலாளர் ஒவ்வொன்றாக வாசிப்பது வழக்கம்.

நிகழ்வு

2021ஆம் ஆண்டு பெருந்தொற்று முடக்கத்தின்போது, ஏழைகள் நிதியிலிருந்து சில குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கொழுந்துப் பெண், கணவரை இழந்தவர். ஓய்வின்போது கிடைத்த அவருடைய சேமலாப நிதிப் பணம் மகளின் திருமணத்தோடு முடிந்துவிட்டது. வேலைசெய்த வருடங்களுக்காகத் தோட்டம் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்தின் ஒரு பகுதி இன்னும் கைக்கு வராமல் இருந்தது. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது, ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தோடு, பொதி பெற்றவர்களின் பெயர்களையும் பொதியின் பெறுமதியையும் வாசித்தேன். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. அந்தத் தாயும் மற்ற நான்கு குடும்பங்களும் அதன்பின் சிறிது சிறிதாக வராமலானார்கள்.

அதை நாங்கள் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின. முதலில் உடல்நலக் குறைவு என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக் கொழுந்துக்கு, அதாவது கைமேல் காசு தரும் கொழுந்து பறிப்புக்குப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். அது சில வீடுகளுக்குப் பொருந்தினாலும் இந்தத் தாய்க்குப் பொருந்தாது. வேறு சபையார் அழைத்திருப்பார்கள் என்றும் ஒரு மூப்பர் சந்தேகப்பட்டார். தாய்மார் சங்கத்துப் பெண்கள் சென்று பார்த்தபோது தேநீர் கொடுத்து, ஜெபம் செய்யச் சொல்லி, அனுப்பிவிட்டார். உண்மையை முதலில் சொன்னவர் அடுத்த காம்பராவில் இருக்கும் இந்துப் பெண்மணி. பண்டிகை நாளன்று வெறுங்கையோடு போவதற்கு அந்தத் தாய் வெட்கப்படுகிறார் என்று அவர் சொன்னார்.

பின்னர் நான் நேரில் சென்று கேட்டபோது, அந்தத் தாய் கோபப்படாமல் பதில் சொன்னார். “குடுத்தவங்க லிஸ்டுல முப்பது வருசமா என் பேரு இருந்திச்சு தம்பி. இப்ப வாங்குனவங்க லிஸ்டுல வாசிச்சிட்டீங்க. இனி நான் எந்தப் பக்கத்துல வந்து உக்கார்றது?”

இந்தப் பதிலை நான் குழுக்கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். இதன் கனத்தை அறியத் தோட்ட வாழ்க்கையில் பெயருக்கு உள்ள இடத்தை அறிய வேண்டும். இங்கே “பேர்” என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படுகிறது, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் பெயர் விழுகிறது, மாதமுடிவில் அந்தப் பெயருக்கு எதிரே பற்று கழிக்கப்படுகிறது. எங்கள் முன்னோரின் காலத்தில் தோட்டமே அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அதற்கும் முன்பு “துண்டு” இருந்தது. ஒரு தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய அந்தச் சீட்டின்படி கடனைத் தீர்த்தால்தான் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒரு பெயரையும் ஒரு தொகையையும் ஒரே வரியில் உரத்து வாசித்தால் அது கடனாகவே காதில் விழும் என்பதை நூறு வருடங்கள் கழித்து நாங்கள் ஆலயத்துக்குள் கண்டோம். நன்றி செலுத்தும் பண்டிகையில் நாங்கள் கடன் கணக்கு வாசித்திருக்கிறோம்.

குழுவின் விவாதம்

குழுவில் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. பொருளாளர் நேர்மையான மனிதர். பெயர்களை மறைத்தால் நாளைக்கு யாராவது நிதியைக் கையாடினாலும் தெரியவராது என்றார். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. மலையகத்தில் சங்கங்களின் பெயரால் சேர்த்த பணம் காணாமற்போன கதைகளைக் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. நீண்ட விவாதத்தின் பின், பயனாளிகளின் பெயர்ப் பட்டியலைக் குருவானவரும் கணக்காய்வாளர் இருவரும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவது என்றும், சபைக்கு மொத்தத் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் அறிவிப்பது என்றும் முடிவானது. காணிக்கை கொடுத்தவர்களின் பெயர் வாசிப்பும் நிறுத்தப்பட்டது. ஏலம் தொடர்ந்தது.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட சம்பவத்தை மேற்கோள் காட்டி, கொடுக்க முடியாதவர் என்று யாரும் இல்லை என ஒரு மூப்பர் சொன்னார். நன்றிக் காணிக்கை நாட்களில் அந்தப் பகுதி இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. மாற்குவின் சுவிசேஷத்தில் அதற்கு முந்திய வசனங்களில், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார் என்பதைக் குருவானவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண் போட்டதை இயேசு கண்டார். ஆனால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தாமல், தம் சீஷரிடம் மட்டுமே சொன்னார். என் பார்வையில், அன்றைய கூட்டத்தின் போக்கை மாற்றியது இந்த விளக்கம்தான்.

பேணி

பெயர் வாசிப்பை நிறுத்தியதால் வெட்கத்தின் ஒரு காரணம் நீங்கியது. ஆனால் நின்றவர்கள் திரும்பவில்லை. அடுத்த யோசனை தாய்மார் சங்கத்திலிருந்து வந்தது. பிடியரிசி வழக்கம் எங்கள் சபையில் ஏறக்குறைய அழிந்து, இரண்டு மூன்று வயதான பெண்களின் வீட்டில் மட்டுமே இருந்தது. அதை எல்லா வீடுகளிலும் மீண்டும் தொடங்குவோம் என்றார்கள். ஒரே அளவான வெற்றுப் பால்மாப் பேணிகளை (தகர டப்பாக்களை) சேகரித்து, லேபலைக் கிழித்து, குறியோ இலக்கமோ போடாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுப்பது. மாதத்தின் முதல் ஞாயிறன்று கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவது.

அவர்களுடைய யோசனையில் எங்களைத் திகைக்கவைத்த ஒரு பகுதி இருந்தது. உதவி பெறும் வீடுகளுக்கும் பேணி கொடுக்க வேண்டும் என்றார்கள். நாமே அரிசி கொடுத்துவிட்டு அவர்களிடமே பிடியரிசி கேட்பது எப்படி நியாயமாகும் என்று பொருளாளர் கேட்டார். பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பேணி இல்லாத வீடு எது என்று தெரிந்தால், வாங்குகிற வீடு எது என்றும் தெரிந்துவிடும் என்றார்கள். குருவானவர் அந்த இடத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது, கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார் தங்களையும் அந்த ஊழியத்தில் சேர்த்துக்கொள்ளும்படி வருந்திக் கேட்டார்கள். ஏழைகளிடமிருந்து காணிக்கையை மறுப்பதும் அவர்களை ஊழியத்திலிருந்து விலக்குவதாகும் என்று அவர் விளக்கினார். அடுத்த அதிகாரத்தில் அந்த உதவிக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லான லெயிட்டூர்கியா, வழிபாட்டையும் பொதுப்பணியையும் ஒருங்கே குறிப்பது.

நடைமுறைச் சிக்கல்கள் முதல் மாதத்திலேயே தெரிந்தன. ஒரு வீட்டில் நாட்டரிசி, ஒரு வீட்டில் சம்பா, இன்னொன்றில் சிவப்புப் பச்சையரிசி. எல்லாம் ஒரே சாக்கில் கலந்தால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும். அதை எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது. இரவில் ரொட்டி தட்டும் வீடுகளில் அரிசியே குறைவு. அவர்கள் கோதுமை மாவைக் கொண்டுவந்தார்கள், அதில் வண்டு விழுந்தது. இறுதியில் கலப்பரிசியை இடித்து மாவாக்கியும், கஞ்சி காய்ச்சியும் முதல் ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் எல்லோரும் ஒன்றாக உண்பது என்று ஏற்பாடாயிற்று. இதனால் மறந்துபோன அசனம் திரும்பி வந்தது. வீடுகளுக்குக் கொடுக்கும் அரிசி ஏழைகள் நிதியில் தனியாக வாங்கப்பட்டது.

பேணித் திட்டம் வேர்பிடிக்கும் முன்பே நாடு நொறுங்கியது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் விளைவாக மறு வருடம் மலையில் கொழுந்து குறைந்தது, அரைப்பேர்கள் கூடின. நாட்சம்பளம் 2021 இல்தான் 1,000 ரூபாவாகியிருந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது அந்த ஆயிரம் ஒரு வீட்டின் மாவுக்கும் எண்ணெய்க்கும் போதவில்லை. அந்த மாதங்களில் சில பேணிகள் காலியாகவே வந்தன. மூடியோடு வந்ததால் கொட்டும்வரை யாருக்கும் தெரியாது; கொட்டும் வேலையைத் தாய்மார் சங்கத்துப் பெண்ணொருவர் திரைக்குப் பின்னால் செய்தார். சில பேணிகளில் அரிசிக்குப் பதிலாகத் தேயிலைத் தூள் இருந்தது, சிலவற்றில் காய்ந்த மிளகாய். மண்ணெண்ணெய் கிடைக்காதபோது இளைஞர்கள் விறகு கொண்டுவந்து ஆலயத்தின் பின்சுவரில் சாத்தினார்கள். அதைக் காணிக்கையாக ஏற்றுப் பீடத்தின் முன் ஜெபித்தோம்.

அந்தத் தாய் திரும்பிவந்தது பேணியால் மட்டும் அல்ல. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேணியை வாங்கிக்கொண்டார், பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார், ஆனால் வரவில்லை. கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவதில் அவருக்கு இணை அந்த டிவிசனில் இல்லை. அந்த வருடம் சபையில் ஒரு இளம் தாய்க்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அவளுடைய தாய் மத்திய கிழக்கில் வேலையில் இருந்தார். பெண்கள் சென்று, “நீங்க வந்து புள்ளையக் குளிப்பாட்டிக் குடுத்தா நல்லது பாட்டி” என்று கேட்டார்கள். நாற்பது நாட்கள் போனார். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் வந்தவர் அவர்தான். வராதிருந்த மற்ற நான்கு குடும்பங்களில் மூன்று, இதுபோன்ற ஏதோ ஒரு பொறுப்பின் வழியாகவே திரும்பின: ஒருவர் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்ய, ஒருவர் சிங்களத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல, ஒருவர் அசனத்துக்கு அடுப்பு மூட்ட. நான்காவது குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது.

அயல்வீட்டார்

லயத்தில் ஒரு கூரையின் கீழ் இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் சுவர் ஒன்றைப் பகிர்ந்து வாழ்கின்றன. ஒரு வீட்டில் மரணம் என்றால் சமயம் பாராமல் பக்கத்து வீட்டு அடுப்பில்தான் சோறு வேகும். அந்தத் தாய் ஆலயத்துக்கு வராதிருந்த மாதங்களில், அவருடைய வீட்டில் அடுப்பு எரியாத நாட்களைக் கவனித்து உணவு கொடுத்தவர் முன்னர் குறிப்பிட்ட இந்துப் பெண்மணியே. ஆகவே சபையின் அரிசி சபையாருக்கு மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது.

இதில் நாங்கள் அதிகக் கவனம் எடுக்க வேண்டியிருந்தது. அரிசி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பழி கிறிஸ்தவ சபைகள் மீது நெடுநாளாக உண்டு. அது எப்போதும் பொய்ப் பழியாக இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசித்தவனிடம் சமயம் பேசுவது அவனுடைய மறுக்கும் உரிமையைப் பறிப்பதாகும். மறுபுறம், பழிக்கு அஞ்சிப் பக்கத்து வீட்டுப் பட்டினியைப் பாராமலிருப்பதும் கூடாது. கண்டியில் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் 1972 இல் தொடங்கிய சத்தியோதயம், இன சமய வேறுபாடின்றித் தோட்ட மக்களோடு வேலை செய்த முன்மாதிரி மலையகத்தில் இருந்தது. எங்கள் குழு எளிய வழியொன்றைக் கண்டது. பிற சமயக் குடும்பங்களுக்கான பங்கைத் மரணம் நேர்ந்த வீடுகளுக்கு உதவும் தோட்டத்தின் மரண சகாய சங்கத்திடம் ஒப்படைத்துவிடுவது. அந்தச் சங்கத்தில் கோயில் கமிட்டியாரும் இருக்கிறார்கள், யாருக்குத் தேவை என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். பொதியில் சபையின் பெயர் இருக்காது, பொதியோடு ஜெபமும் அழைப்பும் போகாது. அடுத்த மாரியம்மன் திருவிழாவில் கோயில் கமிட்டி, அன்னதான அரிசியில் ஒரு மூட்டையை அதே சங்கத்துக்குக் கொடுத்தது.

இன்றைய நிலை

ஏலத்தில் எடுத்தவரின் பெயர் இப்போது அறிவிக்கப்படுவதில்லை, அதனால் ஏலத் தொகை குறைந்துவிட்டது. ஆலயத்துக்கு வர்ணம் பூசும் வேலை இரண்டு வருடம் தள்ளிப்போனது. பழைய முறையே நல்லது என்று நினைப்பவர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் ஆலயத்தின் மேல் உள்ள அன்பினால்தான் அப்படி நினைக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை வாசிப்பு இப்போது பத்தாம் வசனத்தைக் கடந்து பதின்மூன்று வரை செல்கிறது.

பிடியரிசியால் தீராத விடயம் ஒன்று உண்டு. அந்தத் தாய்க்கு வரவேண்டிய சேவைக்காலப் பணம் அவருடைய உழைப்பின் கூலி. சபையின் கருணை அதற்கு ஈடாகாது. 2023 முதல், ஓய்வுபெற்றவர்களின் சேமலாப நிதி, சேவைக்காலப் பண விண்ணப்பங்களை நிரப்பித் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பும் வேலையைச் சபையின் இளைஞர் இருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை செய்கிறார்கள். அவருடைய நிலுவையின் ஒரு பகுதி கிடைத்தது. மீதிக்கான கடிதங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், பேணிக்குப் பதிலாகக் காசு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அனுப்பும் தொகை வங்கிக் கணக்கில் அவர்களுடைய பெயரோடு பதிவாகும் என்பதால் குழு தயங்கியது. அந்தத் தாயிடம் கேட்டபோது, காசைத் தத்தம் வீட்டுக்கே அனுப்பட்டும், வீட்டில் இருப்பவர்கள் அதில் அரிசி வாங்கி அந்தப் பிள்ளைக்காக ஒரு பிடி சேர்த்துப் போடட்டும் என்றார். 2024 இறுதியிலிருந்து சில வீடுகளில் அப்படியே செய்கிறார்கள். அந்த வீடுகளில் ஒவ்வொரு வேளையும் பேணிக்கு இரண்டு பிடி போகிறது.